தெற்கே போன படகு

கூடலூர்ப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தப் பெருமை அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. வேலை கிடைத்ததும் அவரைக் கேரளத்துக் காயலில், வைக்கத்திலிருந்து தெற்கே ஆலப்புழை வரை படகில் அழைத்துப் போனேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு நினைவு தடுமாறும். சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அங்கேயே வாழ்க்கைப்பட்டு நின்றுவிட்ட அக்காவை அதன்பின் பார்க்கவேயில்லை. அத்தை இறந்து நாளாகிவிட்டது. சொன்னோம், அழுதார், மறந்துவிட்டார்.

எஸ்டேட்காரர்கள் உறவினரைப் பார்க்கப் போனால் கையில் தேயிலைத் தூள் இருக்கும். படகில் அப்பாவின் மடியிலும் ஒரு பொட்டலம் இருந்தது. யாருக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நடுவழியில், நீர்மட்டத்தைச் சரிசெய்து படகுகளை விடும் லாக்குக்குள் நுழைந்தோம். பின்கதவு மூடியது, முன்கதவு திறக்கவில்லை. அது இயங்கும் விதத்தை நான் படித்த மிடுக்கோடு விளக்கத் தொடங்கினேன். அப்பா சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தை உயர்த்திப் பிடித்தார்.

“செக்கிங் புள்ள. கப்பல்ல எறங்குனா இப்படித்தான். எல்லாத்தயும் பிரிச்சுப் பாப்பாங்க, பேசாம இரு. அக்கா வெளிய நிக்கும்.”

கதவு திறந்தது. கரையில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். படகு அவர்களைத் தாண்டியது.

“எங்க புள்ள, அக்காவக் காணோம்?”

உண்மையைச் சொன்னால், அவருக்கு அக்கா இன்றுதான் சாவாள்.

“அத்தைக்கு லீவு கெடச்சிருக்காதுப்பா.”

“ஆமா, கொழுந்து பறிக்கிற நேரம். தொரை விடமாட்டான்” என்றார்.

ஆலப்புழை வரை அவர் கரையைப் பார்க்கவேயில்லை.