ரசம் ஆறிப்போன ஞாயிறு

ஞாயிறு மதியம் ஒன்று இருபது. என் கொழுந்தனார் ரசத்தில் விரலை விட்டு, "ஆறிப்போச்சுங்க அண்ணி" என்றார். கெட்டது அந்த நிமிஷத்தில்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்த என் மகளுக்கு மறுநாள் காலை பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு. சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அவள் அப்பா மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை. தம்பி தலையாட்டாமல் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. தம்பிக்கு முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. பனியன் வாங்க வந்த நாலு வெளிநாட்டு பையரோடு போட்டோ எடுத்துக்கொண்டதில் உலகமே அத்துப்படி என்று நினைப்பு.

"நீ என்னத்தைக் கண்ணு ஆராயப் போறே?" என்று கேட்டார் கொழுந்தனார்.

அவள் ஆசையாகச் சொன்னாள். விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக இருக்கும். அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு. அந்தக் கூட்டத்தின் நடுவிலாவது அது எப்போதோ ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. ஏன் என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

"அந்த கேஸைக் கொஞ்சம் கொண்டாந்து ரசத்துக்கு அடியில வை கண்ணு."

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பி.யு.சி.யில் இயற்பியல் படித்தவள் நான். அந்த ஆளின் அசட்டுத்தனம் தெரிந்தே சிரித்தேன். விருந்தாளி மனம் கோணக் கூடாதாம். த்தூ.

"பெங்களூரு வேண்டாம், உடு" என்றார் என் கணவர்.

மூன்று மணிக்குப் பார்த்தால் அறையில் அவளும் இல்லை, பையும் இல்லை. "எவன்கூடப் போச்சோ" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தனார் குறட்டை விட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஆறரைக்கு வந்தவர் மண்ணரையில் உள்ள என் கணவரின் சாயப்பட்டறையில் ஸ்டீம் பார்க்கிறவர். சாயத்தொட்டி ஆறினால் நீராவி வால்வைத் திறப்பார், சூடு ஏறினால் மூடுவார்.

"பாப்பாவை ரயிலேத்தி உட்டுட்டேனுங்க. பட்டறைக்கு அழுதுட்டே வந்துச்சு. வீட்டுல நடந்தது எல்லாஞ் சொல்லுச்சுங்க. அந்த விண்மீன் கூட்டத்துக்கு நடுவுல பெரிய கருந்துளை இருக்குதாமுங்க. வாயு ஆறி அதுல உழுந்தா, அது சீறி மறுக்கா சூடேத்துமாம். சூடேறுனா உழுகறது கொறைஞ்சு, அதுவும் அடங்கிக்குமாம். அப்படித்தான் இருக்கும்னு பாப்பா நெனைக்குது. நம்ம வால்வு மாதிரிதானுங்களே?"

"ஆமா" என்றேன்.

கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "எனக்கே புரியுதுங்க அக்கா. நீங்க ஏனுங்க சிரிச்சீங்க?"