டிரையர் அருகே ஓர் இருக்கை

மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மையார் அவர்களே, வணக்கம். தேவிகுளத்திற்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தூளை உலர்த்தும் டிரையருக்கு விறகிட்டு அதன் சூட்டைக் கவனித்து வருபவன் நான். பள்ளியில் கற்றது சொற்பம். எஞ்சியதை வாசகசாலையில் கற்றுக்கொண்டேன். என் சொல்லில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எங்களோடு தூள் சலிக்கும் அறையில் வேலை செய்யும் பெண் ஒருவருக்கு நரம்பு நோய் கண்டது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்று கோட்டயத்து மருத்துவர் பெயர் சொன்னாராம். நரம்பின் மேலுறை ஆங்காங்கே பழுதாகி, மூளை இடும் கட்டளை காலுக்குச் சரிவரப் போய்ச் சேராதாம். கணவரை இழந்த அவர், தம் தாயாருடன் லயத்து வீட்டில் வசிக்கிறார். எஸ்டேட் கொடுக்கும் அந்த வரிசை வீடு, வேலை உள்ளவரைதான் அவருக்கு உரியது. வேலைக்குத் தகுதியற்றவர் என்று எழுதப்பட்டுவிட்டால் தாயும் மகளும் வெளியேற வேண்டியதுதான். அந்த அச்சம் அவரைப் போலவே எங்களையும் பிடித்திருந்தது.

எங்கள் மலையில் எந்த நோய்க்கும் குளிரைத்தான் குற்றம் சொல்வோம். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவருக்கும், பேறுகாலம் முடிந்து திரும்பியவருக்கும் டிரையரின் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருவது தொழிற்சாலையின் வழக்கம். தொழிற்சாலையை நடத்தும் அதிகாரியான டீமேக்கரிடம் நாங்களே பேசி, அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தூளில் நார் பொறுக்க ஒரு நாற்காலியையும் மேசையையும் டிரையரின் அருகே கொண்டுவந்து போட்டோம். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர், அந்த நாற்காலிக்குத் தம் கையாலேயே சாய்மானம் செய்து பொருத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் எம்.எஸ். நோயாளிகளுக்கு உதவி திரட்ட தேவிகுளத்தில் ஓர் ஓட்டம் நடக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஓட இயலாத நோயாளிகள் கடைசிப் பகுதியை நடந்து கடக்கலாம் என்றிருந்தது. தொழிற்சாலையிலிருந்து ஒரு குழுவாகப் பெயர் கொடுத்தோம். தாமும் நடப்பதாக அவர் பிடிவாதமாகச் சொன்னார். தாம் இன்னும் நடக்கக்கூடியவர் என்பதை டீமேக்கரின் கண்முன் காட்டிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வேலை முடிந்ததும் மாலைதோறும் தேயிலைக் காட்டுச் சாலையில், கிராண்டிஸ் என்னும் யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கும் வளைவு வரை பயிற்சி செய்தோம். ஃபிட்டரின் கைப்பேசி, ஓடிய தூரத்தை ஒரு பெண்குரலில் அறிவித்துக்கொண்டே வரும்.

“எக்கா, அந்தப் பொம்பளகூட நம்மள முந்திப் போறா. நீங்க என்ன பின்னால பராக்குப் பாத்துக்கிட்டு வாரீய?” என்பார் ஃபிட்டர்.

“அட, போல! ஒனக்குக் கால விட வாயில்ல முன்னால ஓடுது” என்பார் அவர்.

இப்படி வேடிக்கையாகத் தொடங்கிய பயிற்சி நாளடைவில் எங்கள் கவலையாகிவிட்டது. ஒவ்வொரு மாலையும் அவர் கால் முந்தைய மாலையை விட அதிகமாக இழுத்தது. சாலையின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது என்றார். நாங்கள் செய்ததெல்லாம் சூட்டைக் கூட்டியதுதான். கம்பளிச் சால்வை வந்தது. சுடச்சுடச் சுக்குக் காப்பி வந்தது. நாற்காலி இன்னும் சற்று டிரையரை நெருங்கியது. விடுமுறை நாளில் காலைப் பனியில் நடந்தபோது மட்டும் வளைவு வரை நிற்காமல் போய் வந்தார். ஓய்வின் பலன் என்று எண்ணிக்கொண்டோம்.

அதற்கடுத்த மாலை, தொழிற்சாலை வாசலிலேயே அவர் விழுந்தார். அதை டீமேக்கர் பார்த்துவிட்டார். கெட்ட மனிதர் அல்லர். என்னைத் தனியே அழைத்துப் பேசினார்.

“இன்னொரு தடவை விழுந்தா நான் ஆபீசுக்கு எழுதித்தான் ஆகணும். நாளைக்கு மெஷினுக்குள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது?”

விறகிடும்போதெல்லாம் அந்த நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரத்தில் டிரையரின் பேரிங் உடைந்து இயந்திரம் நின்றது. அறை சில்லிட்டது. குளிரில் அவருக்கு என்ன ஆகுமோ என்று பதறிய ஃபிட்டர், சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு வேலை பார்த்தார். அன்று மாலை நாங்கள் தயங்கித் தயங்கிப் புறப்பட்டோம். அந்தப் பெண்ணோ எங்களுக்கு முன்னே நடந்தார். கால் இழுக்கவில்லை.

மறுநாள் ஃபிட்டர் கரிக்கையோடு வந்து பெருமையாக நின்றார். “எக்கா, ஒங்களுக்காகத்தான் ராப்பகலா பாத்தேன். மத்தியானத்துக்கு மேல சூடு வந்துரும்.”

அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் கேட்டேன். “என்னம்மா, சூடு ஒத்துக்கலையா?”

மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: “சூடே ஆகாதுன்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு, அண்ணாச்சி. வெக்கையில கண்ணு மங்குது, காலு கேக்க மாட்டேங்குது.”

“அட, சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!” என்றார் ஃபிட்டர்.

“எப்பிடில சொல்ல? எல்லாரும் ஆசையாப் போட்டுக் குடுத்த எடம். நீ வேற சாய்மானமெல்லாம் வச்சுத் தந்துருக்க. அதுவுமில்லாம, உக்காந்து பாக்குத வேலையும் இவளுக்கு ஒத்துக்கலன்னு ஆயிட்டா, வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாகளேன்னு பயந்தேன்.”

ஃபிட்டர் தம் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நின்றார்.

மூவருமாக டீமேக்கரிடம் சென்று விவரத்தைச் சொன்னோம். பச்சைக் கொழுந்து வந்து இறங்கும் மேல்மாடியில், ஜன்னலோரம் அமர்ந்து கம்பும் முற்றிய இலையும் பொறுக்கும் வேலையை அவருக்குக் கேட்டோம். “ஓட்டம் முடியட்டும். அதுவரைக்கும் அங்க இருக்கட்டும். அப்புறம் பாப்போம்” என்றார். சம்மதமா, தவணையா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஓட்டத்தன்று விடியற்காலையில் நல்ல பனி இருந்தது; நெஞ்சு நிம்மதியாயிற்று. ஆனால் கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வரத் தாமதமாயிற்று. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியது. நான் வானத்தையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசிப் பகுதியில் அவரோடு நாங்கள் சேர்ந்துகொண்டபோது, இடது கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. ஃபிட்டர் சாலையோர ஓடையில் துண்டை நனைத்துப் பிழியாமலேயே அவர் கழுத்தில் போட்டார்.

“யாத்தே! கொல்லப் பாக்கியால?”

“பேசாம நடங்கக்கா. அந்தா நிக்காரு டீமேக்கரு.”

அந்தப் பெண் நின்றார், நடந்தார், மீண்டும் நின்றார். என் தோளை ஒருமுறை பற்றிக்கொண்டார். ஆனால் விழவில்லை. அவர் எல்லைக்கோட்டைக் கடந்ததும், துண்டிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்ட டீமேக்கர், “குளிருதா?” என்று கேட்டார்.

“நல்லாக் குளிருது சார்” என்றார் அவர், பல் கிட்டிக்க.

“சரி. திங்கக்கிழமையும் மேலயே இரு.”

இன்றும் அவர் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறார். ஆனால் அந்த ஏற்பாடு வாய்ச்சொல்லில்தான் நிற்கிறது. இந்த டீமேக்கர் வேறு எஸ்டேட்டுக்கு மாற்றலாகிப் போகிறார் என்று பேச்சு. நானும் விரைவில் ஓய்வு பெற்றுவிடுவேன். புதிதாக வருபவர், பாவம் நோயாளி குளிரில் இருக்கிறாளே என்று இரக்கப்பட்டு, அந்த நாற்காலியை மீண்டும் டிரையரின் அருகே போட்டுவிடுவாரோ என்பதே இப்போது என் அச்சம். அன்றைக்கு எடுத்துச் சொல்ல நான் அங்கு இருக்கமாட்டேன்.

ஆதலால், எம்.எஸ். நோயாளியைச் சூட்டருகே உட்கார வைக்கக் கூடாது என்னும் இந்த விவரத்தை, இனிக் கேட்பவருக்குச் சொல்வதற்காகத் தூக்கி எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.