பாதுவாவா, நேப்பிள்ஸா

எஃப்திமி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்குக் கரி போடுகிறவன். அக்டோபரில் பற்ற வைத்தால் ஏப்ரல் வரை நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் குளிர்காலத்தில் அவன் பக்கத்து டவுன் ஸொரோக்கா சந்தைக்குக்கூடப் போனதில்லை. ஆள் அதிகம் பேச மாட்டான். பேசினால் கொஞ்சம் நக்கலாகத்தான் பேசுவான்.

அவன் மனைவி அக்சீனியா பதினெட்டு வருடத்துக்கு முன்பு வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு இத்தாலி போனாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் அப்படிப் போனவர்கள்தான். முதல் ஏழு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும், இத்தாலிக்கும் ஊருக்கும் நான் ஓட்டுகிற வேனில் பார்சல் வரும். பிறகு போன் நின்றது. நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. சண்டை ஒன்றும் இல்லை. கடைசியாகப் பேசியபோது ஊறுகாய்க்கு எவ்வளவு உப்புப் போட்டாய் என்று கேட்டாளாம். அவ்வளவுதான்.

ஏழு வருடம் கழித்து ஒரே சமயத்தில் இரண்டு செய்தி வந்தது. பக்கத்து ஊர் நர்ஸ் ஒருத்தி, இத்தாலியின் வடக்கே பாதுவாவில் ஒரு கிழவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன அக்சீனியாவைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். பார்த்து இரண்டு வருடம் இருக்கும், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்றாள். இன்னொன்று, ஈஸ்டருக்குத் தெற்கே நேப்பிள்ஸிலிருந்து என் மச்சான் வேனில் வந்த பார்சல். எஃப்திமியின் மகள் லில்யாவின் பெயருக்கு வந்திருந்தது. உள்ளே லில்யாவின் கைக்குழந்தைக்கு ஒரு கோட்டு, இரண்டு பொட்டலம் காப்பித்தூள். அனுப்பியவர் பெயர் இல்லை. தலையில் துணி கட்டிய ஒரு பெண் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டாள் என்றான் மச்சான். எஃப்திமிக்கு அதில் ஒன்றும் இல்லை.

இலையுதிர் விடுமுறையில் பள்ளிக்கூடம் ஒரு வாரம் மூடும், அப்போது மட்டும் கொதிகலனை அணைத்து வைக்கலாம். அந்த ஒரு வாரம்தான் அவனுக்குக் கிடைக்கும். நான் வெள்ளிக்கிழமை காலை பாதுவாவுக்கு வண்டி எடுப்பேன். ஞாயிறு காலை போய்ச் சேர்ந்து, பார்சல் இறக்கி ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடுவேன். மச்சானும் அதே வெள்ளிக்கிழமை நேப்பிள்ஸுக்குக் கிளம்புவான். ஏதாவது ஒன்றில்தான் ஏற முடியும்.

மூன்று வாரம் அவன் இதையே யோசித்தான். கொதிகலன் அறைக்குப் போனால், கரிவாரியை ஊன்றிக்கொண்டு நிற்பான். "நர்ஸ் மூஞ்சியப் பாத்திருக்கா. உன் மச்சான் துணியத்தான் பாத்திருக்கான்" என்பான். மறுநாள், "ஆனா பாதுவா சேதி பழசு. நேப்பிள்ஸ்தான் புதுசு" என்பான்.

லில்யா போக வேண்டாம் என்றாள். அப்போது நானும் அங்கே இருந்தேன். "தேடுறதுன்னா ரெண்டு ஊர்லயும் தேடணும்ப்பா. ஒரு ஊர்ல அரை நாள் சுத்திட்டு வர்றதுக்குப் பேரு டூர்."

"டூர்னே வச்சுக்கோ. நான் எங்கதான் போயிருக்கேன்?"

கடைசியில், "பாதுவாக்கே வாங்கண்ணே. நான் கூட இருப்பேன், இடம் எனக்குப் பழக்கம்" என்று சொன்னது நான்தான். சரி என்றான். அவசரமாகச் சொன்னான் என்று இப்போது தோன்றுகிறது.

வழியில் ருமேனியா, ஹங்கேரி எல்லாம் தாண்டும்வரை ஜன்னலோரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மடியில் ஆட்டுப்பால் சீஸ் ஒரு டப்பா. அவளுக்குப் பிடிக்குமாம்.

பாதுவாவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு திடலில்தான் வேன்கள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நம் பெண்கள் எல்லோருக்கும் விடுமுறை. இருநூறு பேராவது வந்துவிடுவார்கள். பார்சல் கொடுப்பார்கள், வாங்குவார்கள், கொண்டுவந்த பலகாரத்தைக் கார் பானெட்மேல் பரப்பிச் சாப்பிடுவார்கள். எஃப்திமி புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கூட்டமாகப் போனான். நான் பார்சல்களை மச்சினன் முறைப் பையன் ஒருவனிடம் விட்டுவிட்டு எஃப்திமியோடு நடந்தேன். புருஷன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. "ஊர்க்காரன். வீட்டுல விசாரிச்சாங்க" என்றுதான் சொன்னான்.

மதியம் ராயிசா என்ற பெண் படத்தை வாங்கிப் பார்த்தாள். பருத்த உடம்பு, சிரித்த முகம். வாயில் பலகாரத்தை மென்றபடி, "அட, நம்ம அக்சீனியா" என்றாள். "ஒரே ரூம்ல நாலு மாசம் இருந்தோம். போன வருஷம் நேப்பிள்ஸ் போயிட்டா. அங்க ஒரு பெரிய வீட்டுல வேலை."

எஃப்திமி தலையாட்டினான்.

"பாவம், புருஷன் தவறினதுக்கப்புறம் ரொம்ப இளைச்சுட்டா. நீங்க ஒரே ஊருன்னா அவரைத் தெரிஞ்சிருக்குமே?"

நான் எஃப்திமியைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும்" என்றான்.

"நல்ல மனுஷனாமே. ஒரு ஞாயித்துக்கிழமை இங்கயே எங்க எல்லாருக்கும் ரொட்டி, மெழுகுவர்த்தி, ஆளுக்கொரு கைத்துண்டு, எல்லாம் நம்ம வழக்கப்படி குடுத்தா அவர் ஆத்மா சாந்திக்கு. அந்தத் துண்டு இன்னும் எங்கிட்ட இருக்கு."

"எப்படிச் செத்தாராம்?"

"தூக்கத்துலதான். கஷ்டப்படாம போயிட்டாராம். குடுத்து வச்சவர்."

அவன் சீஸ் டப்பாவை அவளிடம் நீட்டினான். "நீங்க சாப்பிடுங்கம்மா. திருப்பி எடுத்துட்டுப் போனா கெட்டுப் போயிடும்."

அவன் வேனுக்குப் போனதும் நான் ராயிசாவிடம் திரும்பி வந்தேன். உண்மையைச் சொல்லவில்லை. ஊருக்குப் போகலையா என்று அக்சீனியாவை யாரும் கேட்டதில்லையா என்று மட்டும் விசாரித்தேன். ராயிசா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புருஷன் இருக்கான்னா ஏன் போகலை, எப்பப் போவேன்னு எல்லாரும் நோண்டுவாங்க தம்பி. செத்துட்டான்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இங்க நாலஞ்சு பேருக்கு அப்படிச் செத்த புருஷன் உண்டு. அக்சீனியா அப்படி இல்ல, அவளுது நெசம்."

சாயங்காலம் கிளம்பி ஹங்கேரிவரை வந்துவிட்டோம். வண்டிக்கு டீசல் போட நிறுத்தியபோது, "வர்ற வெள்ளிக்கிழமை மச்சான் வண்டில ஏறிடுங்கண்ணே. ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன். நேப்பிள்ஸ்ல இருக்கான்னு தெரிஞ்சு போச்சுல்ல" என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா. கோட்டு அங்கேருந்துதானே வந்துச்சு."

"அப்புறம் ஏன் பாதுவா வந்தீங்க?"

"அங்க போனா இருப்பா." டீசல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "இருந்துட்டு, கதவைச் சாத்திட்டான்னா? பாதுவான்னா, அவ இல்லன்னு வந்துடலாம்னு நெனைச்சேன்."

ஊருக்கு வந்ததும் லில்யாவிடம், அம்மா அங்கே இல்லை, யாருக்கும் தெரியவில்லை என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நானும் ஆமாம் என்றேன்.

"நான்தான் சொன்னேனே, நேப்பிள்ஸ் போயிருக்கணும்னு" என்றாள் லில்யா. அப்படி அவள் சொன்னதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு இலையுதிர் விடுமுறைக்கும் அவனை விரட்டுவாள். கொதிகலனில் ஓட்டை, முதுகு வலி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஏதாவது சொல்வான். அம்மாவைத் தேட மனமில்லாத கல்நெஞ்சுக்காரன் என்று அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பேரனையும் அனுப்புவதில்லை.

வீட்டில் அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டான். கொதிகலன் அறையிலேயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறான். தலைமையாசிரியர் கண்டுகொள்வதில்லை. உண்மையை லில்யாவிடம் சொல்லிவிடட்டுமா என்று போன மாதம் கேட்டேன்.

"சொன்னா அவ அம்மாவ வெறுப்பா. இப்ப என்னைத்தானே வெறுக்குறா, இருக்கட்டும்" என்று கரியை அள்ளிப் போட்டான். "நீ கதவச் சாத்திட்டுப் போ. குளிர் வருது."