நாற்பத்தோரு குறைகள்

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். யாரோ எழுதிய மென்பொருளை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று வரிசை எண் போட்டு எழுதிக் கொடுக்கும் டெஸ்டர் நான். ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் கண்ணைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடியுமா? என்னோடு உட்கார்ந்து சினிமா பார்ப்பதை என் கணவர் எப்போதோ விட்டுவிட்டார்.

கலிபோர்னியாவில், சன்னிவேலில் நாங்கள் இருப்பது ஒரு மொபைல் ஹோம் பார்க்கில். பெயரில்தான் மொபைல். சக்கரத்தைக் கழற்றிப் பல வருடமாகிவிட்டது, வீடு எங்கேயும் போகாது. வீடு எங்களுடையது, அது நிற்கும் மனை பார்க்குக்காரர்களுடையது. மனைக்கு மாத வாடகை. வாங்கியபோது சென்னையிலிருந்த மாமியார், "டிரெய்லர்லயா குடித்தனம்?" என்று கேட்டார். இரண்டு பாத்ரூம் இருக்கிறது என்று வீடியோ காலில் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

பக்கத்து மனையில் ஆன்ட்டி. நாகர்கோவில்காரர், ரிட்டயர்டு நர்ஸ், அங்கிள் போன பிறகு தனியாக இருக்கிறார். முழங்கால் தேய்ந்து வாக்கர் வைத்துத்தான் நடப்பார். அதனால் வாசலில் படிக்குப் பதில் சாய்வாக ஒரு ராம்ப். ஒரே மகன் டெக்ஸாஸில், பிளானோவில். சனிக்கிழமை காலையில் ஆன்ட்டி வீட்டில் சாயா குடிப்பது ஆறு வருடமாக எனக்குப் பழக்கம்.

பார்க்கின் நிலைமை அந்தச் சமயத்தில் மோசமாக இருந்தது. தெருவிளக்கில் பாதி எரியாது. லாண்டரி ரூமில் ஆறு மெஷின்கள், ஓடுவது ஒன்று. பள்ளத்தில் விழாமல் கார் ஓட்ட வேண்டுமென்றால் தெருவை மனப்பாடம் செய்ய வேண்டும். மேனேஜரிடம் சொன்னால் சிரித்த முகத்தோடு குறித்துக்கொள்வார். குறித்துக்கொண்ட நோட்டுக்கு என்ன ஆனதோ தெரியாது. ஒரு நாள் சாக்கடை நாற்றம் சமையலறைவரை வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இரண்டு வார இறுதிகள் பார்க்கைச் சுற்றி நடந்து, போட்டோ எடுத்து, எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரித்து, நாற்பத்தோரு குறைகளை எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்து, "இது பார்க்கா, உன் ப்ராஜெக்ட்டா?" என்றார். மொபைல் ஹோம் பார்க்குகளைப் பரிசோதிக்கும் மாநில ஆபீஸுக்கு அதை அனுப்பிவைத்தேன். இவ்வளவு தெளிவான புகார் வந்ததில்லை என்று பதில் வந்தது. பெருமையில் அதை இரண்டு தடவை படித்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு நாள் ஒவ்வொரு மனையாக நடந்தார். சில வாரம் கழித்து ஆன்ட்டி போன் பண்ணினார். "மக்ளே, எனக்கு ஒரு கடிதாசு வந்திருக்கு. என்னன்னு பாரு."

போய் வாசித்தேன். மாநில ஆபீஸ் நோட்டீஸ். வாசலிலுள்ள ராம்ப் விதிப்படி இல்லை, கைப்பிடி இல்லை, சரிவு அதிகம், வழுக்கும். அறுபது நாட்களுக்குள் அகற்றவும் அல்லது விதிப்படி மாற்றவும்.

அந்த வாசகம் எனக்குத் தெரியும். என் லிஸ்டில் இருபத்து மூன்றாவது. அங்கிள் இருந்தபோது சர்ச் நண்பர்கள் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்த ராம்ப் அது. மழை நாளில் ஆன்ட்டி அதில் இறங்குவதைப் பார்த்தால் எனக்குப் பக்கென்று இருக்கும். பார்க்குக்காரர்கள் நல்லதாக ஒன்று கட்டிக் கொடுக்கட்டுமே என்றுதான் எழுதினேன். குறையை எழுதினால் அது யாரோ ஒரு டெவலப்பருக்குப் போகும், அவர் சரிசெய்வார், நான் டிக் அடிப்பேன். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மனைமேல் நிற்பதெல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பா என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே ஆன்ட்டி மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. "அம்மா, இதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்? அந்த வீட்டை sell பண்ணிடுங்க. ரெண்டு மாசத்துல இங்க move ஆயிடலாம்."

போனை வைத்துவிட்டு ஆன்ட்டி சொன்னார். "அவன் நல்ல பய தான். ஆனா பிளானோல கார் இல்லாம ஒரு பாக்கெட் பால் வாங்க ஏலாது. காலையில அவனும் மருமவளும் வேலைக்குப் போயிருவாவ. அந்தப் பெரிய வீட்டுல நான் சுவத்தைப் பாத்துட்டு இருக்கணும். இங்கன்னா இது என் வீடு, கேட்டியா."

ராம்ப் இல்லையென்றால் ஆன்ட்டி வெளியே இறங்க முடியாது. இறங்க முடியாவிட்டால் பிளானோதான். அதற்குக் காரணம் நான். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாயாவைக் குடித்துவிட்டு, கப்பைக் கழுவி வைத்துவிட்டு, கோழை மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மூன்று நாள் கழித்துப் போய்ச் சொன்னேன். "ஆன்ட்டி, அந்த கம்ப்ளெயின்ட் நான் அனுப்பினது. உங்க ராம்ப்பையும் நான்தான் எழுதினேன்."



"நல்லது நினைச்சுதான் எழுதியிருப்ப. எனக்குத் தெரியும். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை.

"சரி, போ. எனக்கு ஜெபம் பண்ணணும்."

அதன் பிறகு சனிக்கிழமைகளில் எனக்குச் சாயா இல்லை.

இன்ஸ்பெக்டருக்கு நானே போன் பண்ணினேன். பொறுமையான மனிதர். ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும் என்று விளக்கினார். ஆன்ட்டியின் வாசல் முப்பது இஞ்ச் உயரம், ஆக முப்பது அடி ராம்ப். இருந்ததோ எட்டடி. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எப்படி மடக்கிப் பார்த்தாலும் அவருடைய மனையில் அடங்கவில்லை. நான்கு அடி எங்கள் பக்கம் வந்தால் அடங்கும். அந்த நான்கு அடி போனால் எங்கள் இரண்டாவது காருக்கு நிற்க இடமில்லை. இரண்டு வீட்டாரும் பார்க்குக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, பர்மிட்டும் வாங்கினால், மனைகளுக்கு நடுவிலுள்ள எல்லைக்கோட்டையே நகர்த்தலாமாம்.

கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தோசையைத் தின்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"என் காரை விசிட்டர் பார்க்கிங்ல போட்டுக்கறேன். நடந்தா என் சுகருக்கும் நல்லது. ஆனா இனிமே நீ எந்த லிஸ்ட் எழுதினாலும் முதல்ல எனக்குக் காட்டு."

என் கையெழுத்தைப் போட்டு, வரைபடத்தோடு ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை முதலில் கேட்டேன். "இப்படிக் கட்டலாமா ஆன்ட்டி?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லவில்லை.

பார்க்கின் கையெழுத்துக்கு மேனேஜர் இழுத்தடிக்கவில்லை. அவருக்கு வந்த நோட்டீஸ் பல பக்கம் இருந்ததால் மனிதர் மிகவும் பணிவாக இருந்தார். விளக்குகள் எரிய ஆரம்பித்தன, பள்ளங்கள் மூடப்பட்டன, லாண்டரி ரூமில் மெஷின்கள் புதிதாக வந்தன. பர்மிட் கைக்கு வந்ததும், சர்ச்சிலிருந்து நான்கு பேர் இரண்டு சனிக்கிழமை வந்து ராம்ப்பைக் கட்டி முடித்தார்கள். ஐம்பத்தாறாவது நாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரி என்று குறித்துக்கொண்டு போனார். பிளானோ பேச்சு அதோடு அடங்கியது.

அடுத்த சனிக்கிழமை காலையில் வெளியே டக் டக்கென்று சத்தம். கதவைத் திறந்தேன். கீழே ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். வாக்கரால் என் முதல் படியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உன் லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சு மக்ளே. நாப்பத்திரெண்டாவது. உன் வாசல்ல நாலு படி, பிடிக்க ஒரு கம்பி கிடையாது. ஆறு வருஷமா பாக்கேன்."

படியைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் ஆன்ட்டி ஒரு தடவைகூட என் வீட்டுக்குள் வந்ததில்லை. சாயா எப்போதும் அவர் வீட்டில்தான். என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பது அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். பார்க் முழுக்கக் குறை தேடி நடந்தவள், நடக்கக் கிளம்பியது இந்தப் படியில் இறங்கித்தான். வெட்கமாக இருந்தது.

"இருங்க ஆன்ட்டி, நாற்காலி கொண்டு வரேன். இன்னைக்கு வெளியில உக்காந்து குடிக்கலாம்."

"கொண்டா," என்றார் ஆன்ட்டி. "உனக்கும் அறுபது நாள்தான் டைம், கேட்டியா."