ஊசி குத்தின இடம்

கழுத்துக் கட்டிக்கு ஊசி குத்துகிற இடத்தில் வேலை செய்பவரை ஒருவரும் நம்ப மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே வேலையில் சேருங்கள்.

மட்டக்களப்பில் ஒரு ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருசமாக இருக்கிறேன். தைரொயிட் கட்டிக்குள் டொக்டர் மெல்லிய ஊசியை விட்டு இழுப்பார். வருகிற துளியைக் கண்ணாடித் துண்டுகளில் பூசி, பேர் எழுதி, சாயம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பதும் நான்தான். வருகிற எல்லாருக்கும் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: இது புற்றுநோயா, இல்லையா? சந்தேகப்படுகிற சனத்துக்கு முன்னால் நாள் முழுக்க இருந்து வேலை செய்கிறவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நாலாவது கண்ணாடி

நாவற்குடாவிலிருந்து ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் வந்தார். கழுத்தில் ஊசி போகும்போது எல்லாரும் கண்ணை இறுக்கி மூடுவார்கள். இந்த மனிசன் மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. "ஐயா, இது நான் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை, பேசாமப் படுங்க" என்றேன்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கண்ணாடியில் பேர் எழுத மறந்திருக்கிறேன். நான் காணவில்லை, அவர் கண்டுவிட்டார். எழும்பிச் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்டார்: "நாலு கண்ணாடியில பூசினீங்க மிஸ், மூண்டிலதான் என்ட பேர் இருக்கு. மத்தது ஆருக்கு?"

கட்டார் கோல்

இது காத்தான்குடிப் பெண் ஒருவரின் கதை. அவருக்கு இரண்டாம் தரம் எடுத்தபோது நல்ல ரிப்போர்ட்தான் வந்தது. நான் சொல்வது முதல் தரம். ஊசியில் இரத்தம்தான் கூடுதலாக வந்திருந்தது, பார்த்துச் சொல்கிற அளவுக்குக் கலங்கள், அதாவது செல்கள், இல்லை. 'மாதிரி போதாது, திரும்ப எடுக்கவேண்டும்' என்று ரிப்போர்ட் வந்தது. இதைவிட நேர்மையான ரிப்போர்ட் கிடையாது. ஆனால் இதைக் கொடுத்தால் போதும், நாங்கள் ஏதோ பெரிசாக மறைக்கிறோம் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

அந்தப் பெண் கட்டாரிலிருக்கும் கணவருக்குக் கோல் எடுத்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தலையில் ஹெல்மெட்டோடு வேலைத்தளத்தில் நின்றார் மனிசன். மூன்று தரம் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒளிக்காமச் சொல்லுங்க மிஸ், நான் டிக்கட் போடட்டா?"

சின்னக் கட்டி

செட்டிபாளையம் மனோன்மணியக்கா கரையில் பெட்டியாக மீன் எடுத்து, குருக்கள்மடம் வரைக்கும் கூவி விற்கிறவர். ஸ்கேனில் அவருக்கு இரண்டு கட்டி. ஒன்று நெல்லிக்காய் அளவு, மற்றது பயறு அளவு. கைக்குப் பிடிபட்ட பெரியதில் டொக்டர் குத்தினார். ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. "பயமில்லை அக்கா, சந்தோசமாப் போங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.

அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஸ்கேன் எடுத்தவர் சின்னதைத்தானே கனநேரம் பார்த்தவர். அதுக்குள்ள ஊசி போனதா?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். "பிறகு என்னெண்டு பயமில்லை எண்டு சொல்லுறாய்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டொக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மேல கிடக்கிற பெரிய மீனைப் பார்த்து நான் ஒருநாளும் பெட்டி எடுக்கிறல்ல, புள்ள."

பயமில்லை எண்ட நாள்

முணுமுணுத்துக்கொண்டே அவரை டொக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்த டொக்டர் இன்னொரு தரம் வரச்சொன்னார். அடுத்த கிழமை ஸ்கேனில் பார்த்துப் பார்த்து அந்தச் சின்னக் கட்டிக்குள்ளேயே ஊசியை விட்டார். அதுதான் புற்றுநோய்.

முதல் ரிப்போர்ட் பிழையில்லை. ஊசி தான் போன இடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். முழுக் கழுத்துக்கும் சேர்த்துப் 'பயமில்லை' சொன்னது நான். அவர் என் பேச்சைக் கேட்டு எழும்பிப் போயிருந்தால்? நேரத்தோடு கண்டதால் ஒப்பரேசன் செய்தால் சுகம் வரும் என்று டொக்டர் அவருக்குச் சொல்லி அனுப்பினார். என்னிடம் ரிப்போர்ட் வாங்க வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "மன்னிச்சிருங்க அக்கா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்: "நீ பயமில்லை எண்ட நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்ல. இண்டைக்குத்தான் நித்திரை கொள்ளப்போறன், அழாத புள்ள."

ஒப்பரேசன் முடிந்து மனோன்மணியக்கா திரும்பவும் மீன் கூவத் தொடங்கிவிட்டார், எனக்கோ நான் சொன்னவுடனே தலையாட்டி எழும்பிப் போகிறவர்களைக் கண்டால்தான் இப்போது சந்தேகம் வருகிறது.