மண்தின்னிக்குத் தொக்கம் எடுத்த கதை

எங்கள் வீட்டில் ஒரு மீனுக்குத் தொக்கம் எடுத்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கட்டிக்கொண்டு இருபது வருஷமான என் வீட்டுக்காரரே நம்பவில்லை, மற்றவர்களை என்ன சொல்ல?

வெளியூர்க்காரர்களுக்குத் தொக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை சாப்பிடாமல் முகம் சுண்டிக் கிடந்தால், தொண்டையிலோ குடலிலோ ஏதோ அடைத்திருக்கிறது என்பது நாமக்கல் பக்கத்துத் தீர்ப்பு. வயிற்றை நீவி, தொண்டையைத் தடவி அதை வெளியே எடுக்கவென்றே ஊருக்கு ஒருவர் இருப்பார். நான் மண் தின்கிற பிள்ளை. அதனால் எங்கள் ஊர்த் தொக்கக்கார அம்மா வீட்டு வாசற்படி, பள்ளிக்கூட வாசற்படிக்கு முன்பே எனக்குப் பழக்கம்.

மீன்களைக் கொண்டுவந்தது சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நிலைக்காதவர். எண்பதுகளின் தொடக்கத்தில் லாரியில் கிளீனராகக் கல்கத்தா போனவர், சம்பளத்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் கேனில் நான்கு மீன்களோடு வந்து இறங்கினார். தென் அமெரிக்க ஆற்று மீனாம். உள்ளங்கை நீளம். ஆணுக்கு நெற்றியில் ஒரு சிவந்த புடைப்பு, எங்கேயோ இடித்துக்கொண்டு வந்த மாதிரி. வாய் நிறைய மணலை அள்ளும், மென்று பார்க்கும், செவுள் வழியாக உதறித் தள்ளும். பொழுதன்னைக்கும் இதே வேலைதான். வீட்டில் அதற்கு மண்தின்னி என்று பெயராயிற்று. எனக்கு அதைப் பார்த்ததும் சொந்தம் கொண்டாடத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆங்கிள் இரும்பை வளைத்து, பஸ் கண்ணாடி வைத்து, பட்டி பூசி ஒரு தொட்டி செய்தார் சித்தப்பா. மோகனூரிலிருந்து காவேரி மணல் கொண்டுவந்து ஏழு தண்ணீரில் அலசிப் போட்டார். காற்றுக்கு ஒரு பழைய லாரி டியூப். அதில் காற்றடித்து, மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட வேண்டும். சைக்கிள் பம்பில் காற்றடிப்பதில் நானும் அவரும் முறை வைத்துக்கொண்டோம்.

அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தவர். முட்டை போடாத உருப்படிக்குத் தீனி போடுவது அவருக்கு ஆகாது. இரண்டு மீன் செத்து, ஒரு ஜோடி மிஞ்சியபோது அவர் சித்தப்பாவுக்குக் கெடு வைத்தார். ஆடி நோம்பிப் பண்டிகைக்குள் இவை குஞ்சு பொரித்தால் நாமக்கல்லில் கலர் மீன் கடை வைக்க அப்பாவே இடம் பார்த்துத் தருவார். இல்லையென்றால் சித்தப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறிவிட வேண்டும். ரிக் வண்டி என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. வடக்கே போனால் ஒரு வருஷம் ஊர்ப்பக்கம் தலை காட்டாது. எனக்கோ எட்டு வயது. சித்தப்பா இல்லாத ஒரு வருஷத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நோம்பிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பெட்டை மீன் தீனியை விட்டுவிட்டது. மண்புழுவைக் கிள்ளிப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தொண்டை வீங்கி, மூலையில் ஒதுங்கி நின்றது. நாளாக ஆக வீக்கம் பெரிதாயிற்று. சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார். மீனுக்கும் அவருக்கும் ஒரே முகம்.

அம்மாதான் நோயைக் கண்டுபிடித்தாள். "மண்ணத் தின்னா தொக்கம் உழுகாம என்ன பண்ணும்? நம்ம புள்ளைக்கு உழுகல?" என்றாள். சிரிப்பார் என்று நினைத்த அப்பா, தானே போய்த் தொக்கக்கார அம்மாவைக் கூட்டிவந்தார்.

அந்த அம்மா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மீனுக்கு நான் பாத்ததில்லீங்க சாமி. ஆனா தொண்டை தொண்டைதானுங்களே" என்று முந்தானையைச் செருகிக்கொண்டார். அண்டாவில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, அம்மா ஈரத்துண்டில் மீனைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒரு விரலால் அதன் தாடையடியில் மெல்ல நீவினார். மீன் வாயைத் திறந்தது. மணல் வரவில்லை. கொத்துமல்லி விதையளவில், கண்ணும் வாலுமாக, குஞ்சுகள் அண்டாவுக்குள் கொட்டின. இருபது முப்பது இருக்கும்.

சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். தாயையும் பிள்ளைகளையும் அண்டாவோடு தொட்டியில் கவிழ்த்தோம். எல்லோரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றோம். எல்லோருக்கும் முன்னால் நான். அந்தப் பாதகத்தி மீன் ஒரு நிமிஷம் திகைத்து நின்றது. பிறகு திரும்பி, எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அத்தனை குஞ்சுகளையும் வாய்க்குள் போட்டுக்கொண்டது.

"பெத்ததையே தின்னுபோட்டாளே" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். தொக்கக்கார அம்மா, கூலியாகப் பேசியிருந்த முட்டைகளை வாங்க மறுத்துப் போய்விட்டார். நான் கண்ணாடியைக் குத்தினேன், மீனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சித்தப்பா கெடு முடியும் வரைகூடக் காத்திருக்காமல், மறுநாள் காலை டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிவிட்டார்.

மத்தியானம் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது நான் வழியனுப்பப் போகவில்லை. அவ்வளவு கோபம். கூடத்துக் கோடியில் பெஞ்சின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, தூரத்திலிருந்து தொட்டியை முறைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, பெட்டை மீனின் வாய் திறந்தது. ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே வெளியே வந்து அதன் கன்னத்தைச் சுற்றி மேய்ந்தது. நான் கத்திக்கொண்டு தொட்டியிடம் ஓடினேன். அதற்குள் எல்லாம் உள்ளே போய்விட்டன.

பஸ் நிறுத்தத்தில் சித்தப்பா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பஸ் வழக்கம்போல வரவில்லை, மாரியாத்தா காப்பாற்றினாள்.

"செத்துப்போகலீங்க சித்தப்பா! வாந்தியெடுத்து உட்டுட்டு, மறுக்கா முழுங்கிருச்சு!"

"கண்ணால பாத்தியா சாமி?"

"சத்தியமா பாத்தனுங்க."

நம்பினாரோ, என் அழுகையைப் பார்த்துத்தான் எழுந்தாரோ, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார். இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். நான் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி, வெளியே வா, வெளியே வா என்று கெஞ்சினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அது மூலையில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. பண்ணையிலிருந்து வந்த அப்பா, அஞ்சு மணிக்கு இன்னொரு பஸ் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அம்மா தலைவார என்னைக் கூப்பிட்டாள். நான் மாட்டேன் என்றேன். அவள் காதைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஒரு சடைதான் பின்னியிருப்பாள். கூடத்திலிருந்து சித்தப்பாவின் குரல், சத்தம் போடவும் பயந்த ஒரு சத்தமாக வந்தது. "அண்ணா, இங்க வாங்க. மெதுவா." நான் அவிழ்ந்த தலையோடு ஓடினேன். வாசல்நிலையைத் தாண்டுவதற்குள் சித்தப்பா திரும்பிக் கையை நீட்டினார். "வராத சாமி! அங்கயே நில்லு!"

என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் நாலடி தள்ளி மூச்சுவிடாமல் நின்று பார்த்தார்கள். அப்பாவின் வாய் மெல்லச் சிரித்தது. ஐந்து மணி பஸ் போகிற சத்தம் கேட்டது, யாரும் திரும்பவில்லை. அன்றைக்கு வெந்த முட்டையின் மஞ்சள்கருவை அப்பாவே துணியில் கட்டிக் குஞ்சுகளுக்குக் கரைத்துவிட்டார். பிற்பாடு பட்டறைக்குப் பக்கத்திலேயே கடைக்கு இடமும் பார்த்துக் கொடுத்தார். அதில் சித்தப்பா ஆறு மாதமல்ல, முப்பது வருஷம் உட்கார்ந்தார்.

நான் மட்டும் அன்று நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய் அவரை மீட்டு வந்தது நான். அந்த மீனை இந்த வீட்டில் என்னைப்போல் நேசித்தவர் யாருமில்லை. என்னை மட்டும் ஏன் கிட்டே விடவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாய்க்குத் தன் பிள்ளைகளை வாய்க்குள் ஒளித்துவைக்க வேண்டிய ஆபத்து அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இரண்டு நாளாகக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, பாசத்தோடு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.