ஊதா மஞ்சளானபோது

டெஸ்ட் ட்யூபில் ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளுத்தது. அப்பா கொடுத்தனுப்பிய கீழாநெல்லிப் பொடியில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது என்று அர்த்தம். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு லேப் சான்று வேண்டுமாம். அந்தக் கசப்பு வாடை எனக்குப் புதிதல்ல.

சின்ன வயதில், வடக்கே சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸ் சமையலறையில் இதே பொடியை மோரில் கரைத்து, அக்காவின் மூக்கைப் பிடித்துப் புகட்டுவார் அப்பா. அவள் கண்கள் மஞ்சளாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. "என்ன மருந்துன்னு வெளிய சொன்னா பலிக்காது. யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்பார்.

கடைசியில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இத்தனை நாள் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் ஹிந்தியில் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். எனக்கு ஒன்பது வயது, நானும் சொல்லவில்லை. மறுநாள் அக்கா இறந்துபோனாள்.

போன் அடித்தது. அப்பாதான்.

"டெஸ்ட்ல பாஸா? நல்ல மருந்துன்னு அப்பவே சொன்னேன்ல?"

"எங்ககிட்ட சொன்னீங்க. டாக்டர்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

இப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.